கடையில் அடுத்தவர் பை

அன்புள்ள பெற்றோர்களே, பிள்ளைகளை வளர்க்கும் தாத்தா பாட்டிமார்களே,

வணக்கம்.

சென்ற வாரம் மூன்றாம் வகுப்பில் கடை விளையாட்டு நடந்தது. கூட்டல் கழித்தல் சொல்லிக்கொடுக்க எங்கள் ஆசிரியை ஒரு பெஞ்சைக் கடையாக்கி, காலித் தீப்பெட்டி, எண்ணெய் உறை, சோப்பு அட்டை, புளியங்கொட்டை எல்லாம் பரப்பி வைத்திருந்தார். ஒரு பையன் கடைக்காரர். நாலைந்து பிள்ளைகள் மஞ்சள் பையோடு வரிசையில் நின்றார்கள். நான் சன்னலோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கணக்கெல்லாம் சரியாகத்தான் போட்டார்கள். பின்னால் நின்ற ஒரு சிறுமி, முன்னால் நின்றவளின் பையை இரண்டு விரலால் விரித்துப் பார்த்து, உதட்டைப் பிதுக்கி, "ரேசன் பாமாயிலா? எங்க வீட்டுல அதை வெளக்குக்குக்கூட ஊத்த மாட்டோம்" என்றாள். கேட்ட பிள்ளை பையைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். மணி அடிக்கும்வரை எழுந்திருக்கவில்லை.

எட்டு வயதுப் பிள்ளை அந்தப் பேச்சைத் தானாகக் கண்டுபிடித்திருக்க முடியாது. அந்த உதட்டுப் பிதுக்கல் பெரியவர்களுடையது. நம் கடைத்தெருவில் அதைப் பல முகங்களில் பார்த்திருக்கிறேன். என் முகத்திலும் அது வந்திருக்கிறது. அதை முதலில் சொல்லிவிட்டுத்தான் உங்களிடம் எதையும் கேட்க எனக்கு உரிமை உண்டு.

போன மாதம் ஒரு சனிக்கிழமை, பொழுதடையும் நேரம். மளிகைக் கடையில் எனக்கு முன்னால் நம் பள்ளிப் பிள்ளை ஒருத்தியின் அம்மா நின்றார். நூடுல்ஸ் பாக்கெட் ஐந்தாறு, ஒரு பெரிய ஆரஞ்சு நிறக் குளிர்பானம், பத்து ரூபாய் கேக் சில. பிள்ளையும் கூடவே இருந்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். "என்னத்தா, பிள்ளைக்கு ராத்திரிச் சாப்பாடே இதுதானா?" என்று கேட்டுவிட்டேன். அக்கறையில்தான் கேட்டேன். ஆனால் கடையில் பத்துப் பேர் நின்றார்கள். கேட்டது தலைமையாசிரியை. அந்தத் தாய் பதில் சொல்லவில்லை. ஒரு கேக்கைத் திருப்பி வைத்தார். பிள்ளை என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். திங்கட்கிழமை அவள் பள்ளிக்கு வரவில்லை, செவ்வாய்க்கிழமையும் வரவில்லை.

புதன்கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். நான் பேசியது தப்பு என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அந்தத் தாய் பெருந்தன்மையோடு என்னை உட்காரவைத்து, அன்றைக்கு அவற்றை ஏன் வாங்கினார் என்பதையும் சொன்னார். அந்தக் காரணத்தை இங்கே எழுத மாட்டேன். எழுதினால், "அப்படிக் காரணம் இருந்தால் பரவாயில்லை" என்று ஆகிவிடும். காரணம் ஒன்றுமே இல்லாமல், பிள்ளை ஆசைப்பட்டாள் என்பதற்காக வாங்கியிருந்தாலும் கடை நடுவில் என்னிடம் கணக்குச் சொல்ல வேண்டிய கடமை அவருக்கு இல்லை.

இதில் எனக்கு வலி அதிகம். ஏனென்றால் நான் வளர்ந்த வீடும் கடையில் கூசி நின்ற வீடுதான். கமுதிப் பக்கம், மானாவாரிக் காடு. மழை ஏமாற்றிய வருசங்களில் என் அம்மா கடையில் குருணை வாங்குவார். கூட்டம் குறையட்டும் என்று தூணோரம் ஒதுங்கி நிற்பார். கடைசியில் போய், "கோழிக்குப் போட குருணை ஒரு படி" என்பார். எங்கள் வீட்டில் கோழி கிடையாது. கடைக்காரருக்கும் அது தெரியும். எங்கள் தெருவில்தான் அவர் வீடும். ஒரு நாளும் அவர் எதுவும் கேட்டதில்லை. படியைக் கோபுரமாக அளந்து, தாளில் மடித்து, மேலே இரண்டு வெற்றிலையை வைத்து மூடிக் கொடுப்பார். 1982-இல் சத்துணவு வந்தபோது நான் இரண்டாம் வகுப்பு. எல்லோர் தட்டிலும் ஒரே சோறு, ஒரே சாம்பார். யார் வீட்டில் குருணை, யார் வீட்டில் பொன்னி என்று மதியம் ஒரு மணிக்கு யாருக்கும் தெரியாது. நான் தலை நிமிர்ந்து சாப்பிட்டது அந்தத் தட்டில்தான். அதே தட்டு இருக்கும் பள்ளியில், கடையில் நாம் பேசும் பேச்சு பிள்ளைகள் வழியாக உள்ளே வருவதை என்னால் தாங்க முடியவில்லை.

நம் கரையில் ஒரு வீட்டுச் சாமான் பையைப் பார்த்து எதையும் முடிவுகட்ட முடியாது. இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, பதினோரு வருசமாக உங்களிடம் கற்றுக்கொண்டதுதான். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் கடல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். கச்சான் என்னும் தென்மேற்குக் காற்று ஓங்கினால் தென்கடலில் தொழில் கிடையாது, வாடைக் காற்று எழுந்தால் வடகடலில் கிடையாது. கடல்பாசி எடுக்கப் போகும் அம்மாக்களுக்கு அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி நீர் வற்றும் நாட்கள்தான் வேலை நாள். விரலில் துணி சுற்றிக்கொண்டு காலையில் இறங்கியவர் பல மணி நேரம் உப்புத் தண்ணீரில் கிடந்து கரையேறுகிறார். அன்றைக்கு அடுப்பு மூட்டத் தெம்பில்லாமல் புரோட்டா பார்சல் வாங்கினால் அது அவர் உழைத்த காசு.

காசு வரும் நாளில் ஒரு பை, வராத நாளில் வேறு பை. பத்து ரூபாய் எண்ணெய் உறையை நாலு தரம் வாங்குவதற்கு மொத்தமாக வாங்கினால் மிச்சம் என்று வாங்குகிற தாய்க்கும் தெரியும். மொத்தமாகக் கொடுக்கக் கையில் காசு இருக்க வேண்டுமே. பற்று நோட்டில் எழுதி வாங்குகிறவர் கடைக்காரர் எடுத்துக் கொடுப்பதைத்தான் வாங்க முடியும்.

ரேசன் அரிசி பற்றியும் ஒரு வார்த்தை. அதைப் 'பிளாஸ்டிக் அரிசி' என்று நம் பிள்ளைகள் கேலி பேசுவதைக் கேட்டேன். சில வருசங்களாக நம் ரேசன் கடைகளில் வந்தது செறிவூட்டப்பட்ட அரிசி. அரிசி மாவோடு இரும்புச்சத்து, ஃபோலிக் அமிலம், பி12 மூன்றையும் சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவில் பிழிந்து காயவைத்த மணிகளை, நூறு கிலோ அரிசிக்கு ஒரு கிலோ என்ற அளவில் கலந்தார்கள். களையும்போது சில மணிகள் மிதப்பது அதனால்தான். அவற்றைப் பொறுக்கி எறியாதீர்கள், சத்து அதில்தான் இருக்கிறது. நம் சத்துணவுக்கு வந்ததும் அந்த அரிசிதான். அதைச் சாப்பிடும் பிள்ளைகளே அதைச் சொல்லி இன்னொரு பிள்ளையை இளக்காரமாகப் பேசினால் அது எவ்வளவு வேதனை.

மீனிலும் இதே கதை நடக்கிறது. ஆறாம் வகுப்பில் ஒரு பையனுக்குச் 'சங்காயம்', அதாவது கழிவு மீன், என்று பட்டப்பெயர் வைத்திருக்கிறார்கள். அவன் அம்மா ஏலம் முடிந்தபிறகு வந்து கழிவு மீன் குவியலில் பொறுக்கி வாங்கியதை யாரோ பார்த்து, வீட்டில் பேசி, அது வகுப்புக்கு வந்து சேர்ந்தது. பையன் இரண்டு வாரம் மத்தியானம் தட்டு எடுக்கவில்லை. எனக்குத் தெரியவந்தது சத்துணவு அக்கா சொல்லித்தான். அந்தக் குவியலில் இருப்பதும் நம் கடல் மீன்தான். சூடையும் நெத்திலியும் விலை கூடிய விளைமீனுக்குச் சத்தில் குறைந்தவை இல்லை. முள்ளோடு மென்று தின்னும் பொடி மீனில் சுண்ணாம்புச் சத்து அதிகம். விலை குறைந்த மீன் வாங்குகிறவரைப் பார்த்து மூக்கைச் சுளிப்பவர், பிள்ளைக்கு எலும்பு உறுதிப்பட டானிக் பாட்டில் வாங்கிப் போவதையும் அதே தெருவில் பார்க்கிறேன்.

வேறு திசையிலும் பேச்சு போகிறது. கேழ்வரகு மாவும் கீரையும் வாங்கினால் "பெரிய டாக்டர் வீடு" என்று ஒரு குத்தல். வெளிநாட்டில் வேலை பார்க்கும் தகப்பன் அனுப்பிய காசில் பாதாமும் பேரீச்சையும் வாங்கினால் "துபாய்க் காசு தண்ணியா ஓடுது" என்று ஒரு பேச்சு. அந்தத் தகப்பன் மூன்று வருசமாகப் பிள்ளை முகத்தை போனில்தான் பார்க்கிறார்.

விரத மாதங்களைப் பற்றிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. ஆனாலும் சொல்கிறேன். புரட்டாசிச் சனிக்கிழமையில் ஒருவர் கறி வாங்குவார், அவர் வீட்டுக்குப் புரட்டாசி கிடையாது. தவக்காலத்தில் ஒரு வீட்டில் கறி இருக்காது. நோன்பு நாளில் பகலில் பன் வாங்கித் தின்னும் பிள்ளையைப் பிடித்து "நீ நோன்பு வைக்கலையா" என்று கேட்கிறார்கள், காய்ச்சலில் கிடந்து எழுந்த பிள்ளை அது. நோன்புக் கஞ்சியை மூன்று மதத்துப் பிள்ளைகளும் தூக்குவாளியில் வாங்கிப் போகும் ஊர் இது. அந்த ஊரில் யார் வீட்டுச் சட்டியில் என்ன வேகிறது என்ற விசாரணை பள்ளிக்குள் வரக்கூடாது. இந்த ஒன்றில் மட்டும் நான் கண்டிப்பாக இருப்பேன்.

அப்படியானால் பிள்ளைகள் என்ன தின்றாலும் பள்ளி கண்டுகொள்ளாதா என்று நீங்கள் கேட்கலாம். கண்டுகொள்வோம். எங்கள் பிள்ளைகள் பலருக்கு இரத்தம் போதவில்லை என்று மருத்துவக் குழுவினர் ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போகிறார்கள். மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கும் பெண்பிள்ளைகள் இருக்கிறார்கள். இதைப் பேசாமல் இருக்க முடியாது. பேசும் இடத்தையும் விதத்தையும்தான் மாற்றிக்கொண்டிருக்கிறோம். ஏழாம் வகுப்பில் உறை படிக்கும் பாடம் ஒன்று தொடங்கியிருக்கிறோம். எந்தப் பிள்ளையும் வீட்டிலிருந்து உறை கொண்டுவர வேண்டாம், ஆசிரியர்கள் எங்கள் வீட்டு உறைகளையே கொண்டுவருகிறோம். சேர்த்த பொருட்களில் எது எடை அதிகமோ அதைத்தான் உறையில் முதலில் எழுத வேண்டும் என்பது சட்டம். ஆரஞ்சுப் படம் போட்ட ஒரு புட்டியில் பிள்ளைகள் தேடிப் பார்த்தார்கள். முதலில் தண்ணீர், அடுத்தது சர்க்கரை, ஆரஞ்சுப் பழம் எங்குமே இல்லை. "டீச்சர், அப்ப அந்தப் படம்?" என்று ஒருத்தி கேட்டாள். அந்தக் கோபம் புட்டி தயாரித்தவர்மேல் போனது, புட்டி வாங்கிய அம்மாமேல் போகவில்லை. எனக்கு வேண்டியதும் அதுதான்.

ஆசிரியர்களுக்கும் சொல்லிவிட்டேன். சாப்பாட்டு டப்பாவைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பது, "இன்னைக்கும் இதுதானா" என்று கேட்பது, நல்ல சாப்பாடு கொண்டுவந்த பிள்ளைக்குக் கைதட்டச் சொல்வது எல்லாம் இனி கிடையாது. பிறந்த நாளுக்கு வகுப்பு முழுக்க மிட்டாய் கொடுக்கும் வழக்கத்தையும் நிறுத்தியிருக்கிறோம். பிறந்த நாள் பிள்ளை அன்றைக்கு மணி அடிக்கும். ஒரு பிள்ளையின் உடம்பைப் பற்றி ஏதாவது சொல்ல வேண்டியிருந்தால் அந்தப் பிள்ளையின் பெற்றோரிடம் மட்டும், தனியாக, உட்காரவைத்துச் சொல்வோம்.

உங்களிடம் நான் கேட்பது இவ்வளவுதான். கடையில் கண் போகத்தான் செய்யும். அதை யாராலும் தடுக்க முடியாது, என் கண்ணும் இன்னும் போகிறது. பார்த்ததை வீட்டுக்குக் கொண்டுவந்து பிள்ளை காதில் விழும்படி பேசாதீர்கள். "அவங்க வீட்டுல பாரு" என்று ஆரம்பிக்கும்போது பக்கத்தில் யார் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுகிறது என்று ஒருமுறை திரும்பிப் பாருங்கள். உங்கள் பிள்ளையை யாராவது இப்படிப் பேசியிருந்தால் என்னிடம் வாருங்கள். பேசிய பிள்ளையின் பெயர் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டம் வரும் வெள்ளிக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு. அன்றைக்குக் கடல் இருக்கிறவர்கள், பாசிக்குப் போகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை மாலை வரலாம், நான் பள்ளியில் இருப்பேன். முருங்கைக்கீரையும் பொடி மீனும் வைத்துக் குறைந்த செலவில் என்னென்ன செய்யலாம் என்று உங்களில் சிலர் எனக்குச் சொல்லிக்கொடுத்தவற்றை எல்லோரோடும் பகிர்ந்துகொள்ள ஆசை. சத்துணவு அக்காவும் இருப்பார்.

மூன்றாம் வகுப்புக் கடை மறுபடியும் திறந்திருக்கிறது. இந்த முறை பையை விரித்துப் பார்த்த சிறுமிதான் கடைக்காரி. அவளாகவே வாங்குகிற ஒவ்வொருவர் பையையும் வாயைச் சுருட்டி மூடிக் கொடுக்கிறாள். கடைக்கு ஒரு தராசு இல்லாமல் தவிக்கிறார்கள். யார் வீட்டிலாவது பழைய கைத்தராசு கிடந்தால் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியை