மரகதமாகிவிட்ட ஜேட்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் சீனச் சிற்பம் ஒன்றின் படத்துக்குக் கீழே ஒரு வரி போட்டிருந்தீர்கள்: “மரகதக் கல்லில் உளியால் செதுக்கிய ஹான் கால டிராகன்.” ஏழு சொல். அதற்குள் கல் தவறு, கருவி தவறு, காலம் தவறு, விலங்கும் தவறு. இவ்வளவு சிக்கனமாகப் பிழை செய்வது எல்லோருக்கும் கைவராது.

மரகதம் பெரில் என்ற தாது இனம். கடினம், 1 முதல் 10 வரை போகும் மோஸ் அளவில், 7.5க்குக் குறையாது, ஆனால் ஓங்கித் தட்டினால் தெறித்துவிடும். ஜேட் என்பதோ நெப்ரைட், ஜேடைட் என்ற இரு வேறு கற்களுக்குப் பொதுப் பெயர். சீனர்கள் ஈராயிரம் ஆண்டுக்கு முன் இன்றைய மேற்குச் சீனாவின் கோத்தன் ஆற்றுப் படுகைகளில் பொறுக்கி எடுத்த ஜேட், நெப்ரைட். கடினம் 6 முதல் 6.5தான். ஆனால் உள்ளே மயிரிழை நார்கள் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பதால் சுத்தியலுக்கே எளிதில் மசியாது. அதில் உளியை வைத்தால் உளிதான் மழுங்கும். ஈர மணலை இட்டு, கயிற்றாலும் தகட்டாலும் சுழலும் சக்கரத்தாலும் தேய்த்துத் தேய்த்துத்தான் உருவம் எடுப்பார்கள். முதலில் குவார்ட்ஸ் மணல், பிற்காலத்தில் அதைவிடக் கடினமான கார்னெட், குருந்தத் தூள். தாது மணல் செய்தி போடும் தங்களுக்குக் கார்னெட் என்றால் என்னவென்று நான் சொல்ல வேண்டியதில்லை. ‘கொரண்டம்’ என்று உலகம் சொல்வதே நம் குருந்தத்தைத்தான். அப்படிப்பட்ட மொழியில் ஜேடை ஜேட் என்றே எழுதினால் என்ன குறைந்துவிடும்?

படத்தில் இருந்தது டிராகனும் அல்ல. டிராகனுக்குப் பாம்பு உடல். இதற்கோ சிங்க உடல், தோளில் சிறகு, தலையில் இரு கொம்பு, தாடையில் ஆட்டுத்தாடி. இதன் பெயர் பீஷியே. தீமையை விலக்குவது என்று பொருள். ஒற்றைக் கொம்பு இருந்தால் தியென்லூ என்பது ஹான் நூல்களின் பழைய உரைகாரர்கள் சொல்லும் வேறுபாடு. நான்ஜிங் பக்கம் லியாங் வம்ச இளவரசர் சமாதிகளில் ஆள் உயரத்தை மிஞ்சும் கல் பீஷியேக்கள் இன்றும் வாய் பிளந்து நிற்கின்றன. ஜேடில் செய்தவை உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். கி.மு. 33இல் இறந்த ஹான் வம்சத்து யுவான் பேரரசரின் சமாதிக்கு அருகே கிடைத்தவை அப்படிப்பட்டவை. அவற்றோடு தங்கள் படத்தை ஒரு நிமிடம் ஒப்பிட்டிருந்தால் போதும். தங்கள் படத்தில் கல் கண்ணாடிபோல் ஒளி ஊடுருவும் இலைப்பச்சை. அது பர்மா ஜேடைட்டின் நிறம். ஜேடைட் சீனப் பட்டறைகளுக்குப் பெருமளவில் வந்ததே 18ஆம் நூற்றாண்டில். ஹான் வம்சம் முடிந்தது கி.பி. 220இல்.

இது முதல் தடவை என்றால் பேசாமல் இருந்திருப்பேன். முன்பு ஒரு துணுக்கில், கல்லில் தலைமுடியைச் சுற்றித் தீக்குச்சி காட்டினால் முடி கருகாது, அதுவே அசல் ஜேட் என்றீர்கள். இழுத்துச் சுற்றினால் கூழாங்கல்லிலும் கருகாது. கல் சூட்டை வாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். பிறகு கண்ணாடியைக் கீறிப் பார்க்கச் சொன்னீர்கள். குவார்ட்ஸும் கீறும். தங்களை நம்பிக் கீறியவர்களின் பொருளில் விழுந்த வடுவுக்கு யார் பொறுப்பு? அதற்குப் பின் ராசிபலன் பக்கத்தில் இதே விலங்குக்குப் ‘பிஷியூ’ என்று பெயரிட்டு, கையில் கட்டினால் பணம் கொட்டும் என்றும் வந்தது.

சோதனை சொல்வதென்றால் உருப்படியாகச் சொல்லலாம். முதலில் கல்லைத் தராசில் எடை போடுங்கள். 118 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பிறகு டிஜிட்டல் தராசின் மேல் தண்ணீர்க் குவளையை வைத்து, பூஜ்யமாக்கி, கல்லை நூலில் கட்டி முழுக்க மூழ்கும்படி தொங்கவிடுங்கள். 40 காட்டினால் 118ஐ 40ஆல் வகுக்க அடர்த்தி 2.95. அது நெப்ரைட்டின் அளவு. ஜேடைட் 3.3 பக்கம் நிற்கும், மரகதம் 2.7, நெப்ரைட் என்று விற்கப்படும் செர்ப்பன்டைன் 2.6 சுமார். கல் குவளையின் அடியையோ பக்கத்தையோ தொடக்கூடாது. துளைகளிலும் காலிடுக்கிலும் காற்றுக் குமிழ் ஒட்டியிருந்தால் அடர்த்தி குறைத்துக் காட்டும், நல்ல நெப்ரைட்டே செர்ப்பன்டைன் ஆகிவிடும். கொதித்து ஆறிய நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் விட்டால் குமிழ் போகும். ஆனால் சமாதி மண்ணும் சிவப்புச் சாதிலிங்கப் பொடியும் ஒட்டிய பழம் பொருளைத் தண்ணீர்ப் பக்கமே கொண்டுபோகாதீர்கள்.

எடை கல்லைச் சொல்லும், வயதைச் சொல்லாது. வயதுக்குப் பத்து மடங்கு லென்ஸ் வேண்டும். பழைய துளை இரு பக்கமிருந்தும் உள்நோக்கிக் குறுகி, நடுவில் சிறு படியாகச் சந்திக்கும். மின்கருவித் துளை நேராக, ஒரே அகலத்தில் போகும். மண்ணுக்குள் கிடந்து வெளுத்த வெண்மை விரிசலையும் விளிம்பையும் பற்றிப் படரும். அடுப்பில் சுட்டு வெளுக்க வைத்ததில் மேனி முழுக்க ஒரே மாதிரி நுண் வெடிப்பு ஓடும்.

நான் கேட்பது பெரிதல்ல. இரண்டு வரித் திருத்தம். இனி இத்தகைய படங்களுக்குக் கீழே உயரமும் எடையும் எந்த அருங்காட்சியகம் என்பதும் இருக்கட்டும். அதற்கும் இடமில்லை என்றால், இணையப் பதிப்பிலிருந்து ‘மரகத’ என்ற ஒரு சொல்லையாவது எடுத்துவிடுங்கள்.

இப்படிக்கு,
கல் பட்டை தீட்டும் வாசகர்,
திருச்சி