மயக்கம் வரும்போது நின்றுகொண்டிருக்காதே

சுங்கை சிப்புட்

அன்புள்ள பாப்பாவுக்கு, அப்பா எழுதுவது.

எல்.ஆர்.டி. ரயிலில் நீ மயங்கி விழுந்ததை அம்மா சொன்னாள். முட்டியில் பட்ட அடியைவிட, அத்தனை பேர் முன்னால் விழுந்ததுதான் உனக்குப் பெரிய வெட்கமாம். அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொன்னால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுவாய்.

ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் டிரஸராக, அதாவது மருத்துவ உதவியாளராக, இருந்த காலத்தில் இதை எவ்வளவோ பார்த்திருக்கிறேன். ஊசியைக் கண்டதும் சாய்ந்த ஆம்பிளைகளும் உண்டு. நாம் நிற்கும்போது அரை லிட்டர் அளவுக்கு ரத்தம் காலுக்கும் வயிற்றுக்கும் இறங்கிவிடுகிறது. ரத்தக்குழாய்கள் இறுகி, இதயம் சற்று வேகமாக அடித்து அதை ஈடுகட்டும். பசி, வெக்கை, நெரிசல், வலி, பயம் என்று ஏதாவது வந்தால் சிலருக்கு இது தலைகீழாகிவிடும். குழாய்கள் தளரும், துடிப்பும் குறையும். அழுத்தம் விழுந்தால் மேட்டு லயத்து வீட்டுக் குழாயில் தண்ணீர் ஏறாதே, மூளைக்கும் அந்தக் கதிதான். சில விநாடிகள் ரத்தம் எட்டாவிட்டால் நினைவு தப்பிவிடும்.

கீழே விழுவதே உடம்பு தேடிக்கொள்ளும் வைத்தியம். தலையும் இதயமும் ஒரே மட்டத்துக்கு வந்ததும், பெரும்பாலும் ஒரு நிமிஷத்துக்குள் தெளிந்துவிடும். நம் ஆட்களுக்கு இது புரிவதே இல்லை. ஒரு நாள் விடியற்காலைப் பெரட்டில், அதாவது வேலைக்கு முன் பேர் கூப்பிடும் இடத்தில், வெறும் வயிற்றோடு நின்ற பால்வெட்டுப் பையன் ஒருவன் சாய்ந்தான். இரண்டு பேர் அக்குளில் கைகொடுத்து அவனை நிமிர்த்தியே பிடித்திருந்தார்கள். கை லேசாக வெட்டி இழுத்ததும் வலிப்பு என்று ஒருவர் கையில் சாவியைத் திணித்தார், இன்னொருவர் வாயில் தண்ணீர் ஊற்றப் போனார். மயக்கத்திலும் கைகால் கொஞ்சம் வெட்டும். சாவியால் பயனில்லை, தண்ணீர் புரை ஏறிவிடும். அவனைத் தரையில் கிடத்தி, பால் வாளியைக் கவிழ்த்து அதன்மேல் காலைத் தூக்கி வைத்தேன். கணக்கெழுதும் கிராணி அடுத்த சில பேரைக் கூப்பிடுவதற்குள் வெளுத்த உதட்டில் ரத்தம் ஓடிவிட்டது.

இந்த மயக்கம் பெரும்பாலும் சொல்லிவிட்டுத்தான் வரும். கொட்டாவி, குமட்டல், குளிர்ந்த வியர்வை, காதடைப்பு, கண் இருட்டு. உனக்கும் இரண்டு ஸ்டேஷனுக்கு முன்பே வியர்த்ததாமே! அப்போதே உட்கார்ந்திருக்க வேண்டும், பாப்பா. இடம் இல்லையென்றால் தரையில் உட்கார். பார்க்கிறவர்கள் பார்க்கட்டும். அதற்கும் வழியில்லையென்றால் காலைக் குறுக்காகப் போட்டுத் தொடையை இறுக்கு, இரண்டு கைவிரல்களையும் கோத்துப் பலமாக இழு. ரத்த அழுத்தம் கொஞ்ச நேரம் தாங்கும், அதற்குள் உட்கார்ந்துவிடலாம். தெளிந்ததும் சட்டென்று எழுந்து நிற்காதே.

காலையில் தண்ணீரும் இரண்டு துண்டு ரொட்டியும் இல்லாமல் வீட்டை விட்டு இறங்காதே. அப்புறம், தைப்பூசத்துக்குப் பத்துமலையில் பால்குடம் எடுக்கப் போவதாகச் சொன்னாய். விரதம் இரு, நான் தடுக்கவில்லை. ஆனால் தண்ணீரை விடாதே. அந்த 272 படியில் நின்ற நிலையில் மயங்கினால் தலை படியில் மோதக்கூடும். தோழி ஒருத்தியைப் பக்கத்திலேயே வைத்துக்கொள்.

எல்லா மயக்கமும் இப்படி லேசானதல்ல. ஓடும்போதோ, படுத்திருக்கும்போதோ, நெஞ்சு படபடத்தோ வலித்தோ, முன்னறிகுறி எதுவும் இல்லாமலோ விழுந்தால் அது இதயத்துச் சமாச்சாரமாக இருக்கலாம். அப்படியானால் ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். ஒரு நிமிஷம் தாண்டியும் தெளியாவிட்டால் பக்கத்தில் இருப்பவர்கள் 999-ஐ அழைக்க வேண்டும். உன் தோழிகளிடமும் சொல்லி வை.

உனக்கு மாதவிலக்கில் ரத்தப்போக்கு அதிகம் என்று அம்மா சொல்கிறாள். ரத்தச்சோகை இருந்தாலும் தலை சுற்றும். இந்த வாரமே கிளினிக்குப் போய் ரத்தம் சோதித்து, படுத்தும் நின்றும் பிரஷர் பார்க்கச் சொல், ஈசிஜியும் எடுக்கச் சொல். விழுவதற்கு முன் நெஞ்சு படபடத்ததா? அதை நீ அம்மாவிடம் சொல்லவில்லை. இன்று ராத்திரியே எனக்குப் போன் போட்டுச் சொல்.

அன்புடன்,
அப்பா