காம்புப் பச்சை குறையல்ல

ஆசிரியர் அவர்களுக்கு,

தக்காளி விலை பற்றித் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தியைப் படித்தேன். விலையைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், ருசியைப் பற்றிப் பேச்சே இல்லை. வட்டக்கச்சியில் கால் ஏக்கரில் தக்காளி வைப்பவன் நான். அதனால் எழுதுகிறேன்.

மாரி மழை ஓய நட்டால் மாசி, பங்குனியில் பழம் பிடுங்கலாம். வியாபாரி வந்ததும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணை, சிவந்தது வேண்டாம், செங்காயாத் தாங்கோ." அவரைக் குறை சொல்ல முடியாது. கூடைக்கு மேல் கூடை அடுக்கித் தம்புள்ளை மொத்தச் சந்தை வரை போக வேண்டும், கனிந்த பழம் நசிந்துவிடும். ஆனால் செடியில் நிற்கும் வரைதான் இலையிலிருந்து காய்க்குச் சீனி போய்ச் சேரும். பிடுங்கிய பிறகு நிறம் மாறும், தோல் இளகும், சீனி ஏறாது. சுப்பர் மார்க்கெட் தட்டில் செக்கச்செவேல் என்று இருப்பது வாயில் வைத்தால் சப்பென்று இருப்பது இதனால்தான்.

வீட்டுத் தேவைக்குக் கிணற்றடியில் பழைய விதையில் நாலைந்து கன்று வைத்திருக்கிறேன். அந்தக் காயில் காம்பைச் சுற்றிக் கரும்பச்சை படர்ந்திருக்கும். பழுத்த பிறகும் அந்த இடம் சிலவேளை மஞ்சளாகவே நிற்கும். சந்தையில் "இன்னும் பழுக்கேல்லை" என்று ஒதுக்கிவிடுவார்கள். கலிபோர்னியாப் பல்கலைக்கழக டேவிஸ் வளாக ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு வேறு கதை சொல்கிறது. அந்தப் பச்சை இருந்தால் காய் வெயிலில் தானும் கொஞ்சம் சீனி செய்துகொள்கிறதாம். ஒரே சீராகச் சிவக்க வேண்டும் என்று தெரிந்தெடுத்து வளர்த்த இனங்களில் அதற்கான மரபணு பழுதாகிவிட்டது. பார்வைக்காக இனிப்பைக் கைவிட்டிருக்கிறோம். இதைப் படித்த அன்று எனக்கு மனம் நொந்துதான் போனது.

சரி, நல்ல பழம் கிடைத்தாலும் வீட்டில் என்ன செய்கிறோம்? என் மகள் கொழும்பிலிருந்து வந்தால் பழத்தை நேரே பிரிட்ஜில் வைத்துவிடுவாள். 5 பாகை செல்சியஸ் குளிரில் ஒரு கிழமை வைத்த தக்காளியை புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் சோதித்து 2016இல் எழுதியிருந்தார்கள். சீனியும் புளிப்பும் அப்படியே இருந்தன, வாசம் போய்விட்டது. வெளியே எடுத்து வைத்தும் அது பழையபடி திரும்பவில்லை. இப்போது நாங்கள் யன்னலோரம் சுளகில் பரப்பி வைக்கிறோம். இரண்டு பழத்தைப் பிய்த்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்புப் போட்டுக் கையால் பிசைந்தால் சம்பல் ஆயிற்று. தேசிக்காய் விடத் தேவையில்லை.

கிளிநொச்சிச் சந்தை எங்களுக்குப் பக்கத்தில்தான். அவ்வளவு தூரத்துக்குக் கனிந்த பழம் தாங்கும். காலையில் ஒரு மூலையில், செடியில் பழுத்ததை மட்டும் விற்கச் சுற்றுவட்டத் தோட்டக்காரருக்கு இடம் ஒதுக்கித் தர வேண்டும் என்று பொறுப்பானவர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒதுக்கினால் முதல் நாளே என் கூடையோடு வருவேன். வாங்க வருபவர்கள் காம்புப் பச்சையைக் கண்டு தள்ளி வைக்காமல் ஒன்றை எடுத்து முகர்ந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தோட்டக்கார வாசகர்,
வட்டக்கச்சி.