உதவி வாங்குவதில்லை என்று புறப்பட்டவனின் நன்றி மடல்

வன்னித் தெருவோரத்து உறவுகளுக்கு வணக்கம்.

உங்களில் பலருக்கு என் பெயர் தெரியாது. ஆடி மாதக் கடைசியில், சைக்கிளுக்கு முன்னும் பின்னும் பை கட்டிக்கொண்டு, முகமெல்லாம் புழுதியாகப் போனவன் என்றால் ஞாபகம் வரலாம். வவுனியாவில் தொடங்கி மாங்குளம், முல்லைத்தீவு, பரந்தன், பூநகரி, மன்னார் என்று சுற்றித் திரும்ப வவுனியா. 300 கிலோமீற்றருக்கு மேல். 36 மணித்தியாலத்தில் முடிப்பதாகக் கணக்கு.

போட்டிக்கு வேறு ஆள் இல்லை, நான் மட்டும்தான். ஆனால் விதிகளை வெளிநாட்டு நெடுந்தூர சைக்கிள் ஓட்டங்களில் இருந்து எடுத்திருந்தேன். மைக் ஹோல் என்பவர் 2013இல் ஐரோப்பாவுக்குக் குறுக்கே ஓர் ஓட்டத்தைத் தொடங்கினார். முதல் வருடம் லண்டனில் இருந்து இஸ்தான்புல் வரை. பின்னால் உதவி வாகனம் வராது. சாப்பாடு, படுக்கை, திருத்த வேலை எல்லாம் எவருக்கும் காசுக்குக் கிடைப்பதாக இருக்க வேண்டும். இன்னொருவரின் முதுகுக்குப் பின்னால் காற்றுக்கு ஒதுங்கி ஓடுவதும் கூடாது. அதே ஓட்டத்தில் 2019இல் பியோனா கோல்பிங்கர் என்ற ஜெர்மன் பெண் ஆண்களையெல்லாம் முந்தி, 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட தூரத்தைப் பத்து நாளும் சில மணித்தியாலமுமாக முடித்தார். இணைய வரைபடத்தில் அவருடைய புள்ளி நகர்வதைப் பார்த்துக்கொண்டிருந்து வேலைக்குப் பிந்திப் போனவன் நான்.

அந்த விதிகளை வன்னியில் காப்பாற்ற முடியவில்லை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதலில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட சைக்கிள் கடை வைத்திருக்கும் ஐயாவுக்கு. கிரவல் பாதையால் குறுக்கே போகலாம் என்ற என் கெட்டித்தனத்தில் பின் ரயரின் பக்கம் கிழிந்துவிட்டது. வெளிநாட்டு ஓட்டக்காரர் இப்படியான நேரத்தில் காசுத்தாளை மடித்து ரயருக்குள் வைத்துச் சமாளிப்பார்கள். அதைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, பழைய ரயரில் ஒரு துண்டை வெட்டி, ஓரத்தைக் கத்தியால் சீவி, உள்ளே வைத்துக் காற்றடித்தார். பிறகு என் பைகளை ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். "இவ்வளவுதானோ பாரம்? யுத்தத்துக்குள்ளை பொருளாதாரத் தடை இருந்த காலத்திலை நாங்கள் கரியரிலை கட்டினதைப் பாத்திருந்தா நீர் சைக்கிளே ஓடியிருக்க மாட்டீர்." காசு வாங்கவில்லை. காசு வாங்காவிட்டால் விதி மீறல் ஆகிவிடும் என்று விளக்கினேன். "விதி போட்டவனை இஞ்சை வரச்சொல்லும்" என்றார். தேவையே இல்லாமல் இரண்டு ரியூப் வாங்கிக்கொண்டு வந்தேன். துண்டு வைத்த அந்த ரயரில்தான் இன்றைக்கும் ஓடுகிறேன்.

விசுவமடுவில் தேங்காய்ப்பூச் சம்பலோடு ரொட்டி. அது காசுக்கு, ஆகவே கணக்கில் வராது.

இரவு பூநகரி தாண்டி பஸ் தரிப்பிடம் ஒன்றில் மூன்று மணித்தியாலம் படுத்தேன். விடிய எழும்பினால் இரண்டு சின்ன விரல்களிலும் உணர்ச்சி இல்லை. ஹாண்டிலில் சாய்ந்தபடியே ஓடினால் உள்ளங்கை நரம்பு நசிந்து இப்படி வரும் என்று வாசித்திருக்கிறேன், என்றாலும் பயந்துவிட்டேன். முழங்காவிலில் ஓர் அம்மா என்னை மறித்து, கஞ்சி தந்து, கையைப் பிடித்துச் சுடுதண்ணீர்ச் சட்டிக்குள் வைத்தா. "தாய் தேப்பன் இருக்கினமோ ராசா? அவைக்குத் தெரியுமோ உந்தக் கூத்து?" தெரியும் என்று பொய் சொன்னேன். அம்மா, மன்னிக்க வேண்டும். இப்போது தெரியும்.

அதற்குப் பிறகு சோளகம், அதுதான் தென்மேற்குக் காற்று. தெற்கு நோக்கி ஓடுகிறவனை ஒரு கை நெஞ்சில் பிடித்துத் தள்ளுவது போல. மன்னார்த் தீவில் காற்றாலைகளை ஏன் நட்டார்கள் என்று எனக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. வெள்ளாங்குளத்துக்கு முன்னால் மூன்று பெடியள் வந்து எனக்கு முன்னுக்கு நிரையாக ஓடிக் காற்றை மறித்தார்கள். இது கூடாது தம்பிமாரே என்றேன். "அப்ப அண்ணை முன்னுக்குப் போங்கோ, நாங்கள் பின்னுக்கு வாறம்." சரி, விதியும் காப்பாற்றப்பட்டது. நாலு கிலோமீற்றர் தூரம் கதைத்துக்கொண்டே வந்தார்கள். காற்று அதேதான். கால்நோ மட்டும் மறந்துபோனது.

கடைசியாக, மடு வீதிக்கும் செட்டிகுளத்துக்கும் இடையில் லான்ட்மாஸ்ரரில், பெட்டி பூட்டிய சின்ன உழவு இயந்திரத்தில், வந்த அண்ணைக்கு. மணி ஏழைத் தாண்டிவிட்டது, என் விளக்கு செத்துவிட்டது. மைக் ஹோல் 2017இல் அவுஸ்திரேலியாவில் இப்படியொரு ஓட்டத்தில்தான் கார் மோதி இறந்தார். அந்த இருட்டில் அதைத் தவிர வேறொன்றும் எனக்கு ஞாபகம் வரவில்லை. நீங்கள் யானை நிற்கிறது என்று மறித்தீர்கள். பெட்டியில் ஏறச் சொன்னீர்கள், நான் மாட்டேன் என்றேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது. நீங்கள் கோபிக்காமல், என் வேகத்துக்கு உங்கள் இயந்திரத்தைக் குறைத்து, பின்னாலேயே வெளிச்சம் காட்டிக்கொண்டு வந்தீர்கள். யானையை நான் காணவில்லை. சாணம் கண்டேன், ஆவி பறந்தது.

வவுனியாவுக்கு வந்து சேர 41 மணித்தியாலம் ஆகிவிட்டது.

அண்ணை, பிரியும்போது நீங்கள் தந்த ரோச் என்னிடம்தான் இருக்கிறது. பற்றரி மாற்றி வைத்திருக்கிறேன். வெள்ளாமை வேலை தொடங்க முன்னம் கொண்டுவந்து தருவேன். உங்கள் படலையடி நாயைக் கட்டி வைத்தால் போதும்.