உன் வாக்குத்தத்த அட்டையும் தாத்தாவின் நிறைகல்லும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது. ஸ்தோத்திரம்.

நேற்று நீ அனுப்பின வாய்ஸ் மெசேஜை நானும் அப்பாவும் சேர்ந்தே கேட்டோம். சவூதியில் பெரிய மருத்துவமனையில் நர்ஸ் வேலை, இங்கே வாங்குவதைவிடப் பல மடங்கு சம்பளம், தங்க இடம், வருஷத்துக்கு ஒருமுறை ஊருக்கு வர டிக்கெட். கேட்கச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அப்புறம் கடைசியில் சொன்னாயே, இரண்டு வருஷ அனுபவம் கேட்கிறார்கள், எனக்கு நாலு மாசம் குறைகிறது, சர்டிபிகேட்டில் அதைச் சரிபண்ணிக்கொள்ளலாம் என்று ஏஜெண்ட் சொல்கிறார், புதுவருஷ ஆராதனையில் எடுத்த வசன அட்டையில் எனக்கு வந்த வாக்குத்தத்தமும் "உன் தேசத்தை விட்டுப் போ" என்பதுதான், ஆகவே இது ஆண்டவர் திறந்த வாசல்தானே அம்மா என்று. அதைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம் இல்லை. போனில் பேசினால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், இல்லாவிட்டால் சண்டை போட்டுவிடுவோம். அதனால்தான் எழுதுகிறேன். நிதானமாகப் படி.

முதலில் ஒன்று. நீ வெளிநாடு போவதை நான் தடுக்கவில்லை. வாக்குத்தத்த அட்டையை லேசாக நினைக்கிறவளும் இல்லை. நம் வீட்டுப் பெரிய வேதாகமத்தைத் திறந்தால் வருஷாவருஷம் வந்த அட்டைகள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன, உனக்குத் தெரியும். அப்பாவுக்கு ஆபரேஷன் நடந்தபோது ஏசாயா 41:10, "நீ பயப்படாதே, நான் உன்னுடனே இருக்கிறேன், திகையாதே, நான் உன் தேவன்" என்கிற அந்த ஒரு வசனத்தைச் சொல்லிக்கொண்டுதான் தியேட்டர் வாசலில் உட்கார்ந்திருந்தேன். வேறெதுவும் வாயில் வரவில்லை. பிடித்த வசனம் அப்படித்தான் வேலை செய்யும். மனப்பாடமாக உள்ளே கிடந்து, வேண்டிய நேரத்தில் எழுந்து வரும்.

ஆனால் ஒரு விஷயத்தைக் கவனித்திருக்கிறேன். நமக்குப் பிடித்த வசனங்களை எழுதிப் பார்த்தால் ஏறக்குறைய எல்லாமே நமக்கு எதையாவது கொடுக்கிற வசனங்கள். உன்னை ஆசீர்வதிப்பேன், உன்னைத் தாங்குவேன், காரியத்தை வாய்க்கப்பண்ணுவேன். எல்லாம் உண்மை, எல்லாம் வேண்டும். ஆனால் ஒரு முடிவு எடுக்கிற நேரத்தில் இவை மட்டும் கையில் இருந்தால், நாம் ஏற்கெனவே ஆசைப்பட்டதற்குத் தலையாட்டுகிற வசனமாகத்தான் எதுவும் தெரியும். நம்மிடம் எதையாவது கேட்கிற வசனம் ஒன்றாவது நமக்குப் பிடித்த வசனமாக இருக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

உனக்கு வந்த ஆதியாகமம் 12:1ஐயே எடுத்துக்கொள். "நீ உன் தேசத்தையும், உன் இனத்தையும், உன் தகப்பனுடைய வீட்டையும் விட்டு, நான் உனக்குக் காண்பிக்கும் தேசத்துக்குப் போ." அட்டையில் அவ்வளவுதான் அச்சடித்திருக்கும், இடம் அவ்வளவுதான். ஒரு நோயாளியின் கேஸ் ஷீட்டில் ஒரே ஒரு வரியைப் படித்துவிட்டு நீ ஊசி போடுவாயா? மாட்டாய். அதே அதிகாரத்தை இருபதாம் வசனம்வரை படி. ஆபிராம் 75 வயதில் கிளம்புகிறார். காண்பித்த தேசத்துக்கு வந்தும் சேர்ந்துவிடுகிறார். உடனே என்ன வருகிறது? பஞ்சம். பிழைக்க எகிப்துக்கு இறங்கிப்போகிறார். போகிற வழியில் பயம் பிடித்துக்கொள்கிறது. மனைவி அழகி, அவளுக்காக என்னைக் கொன்றுவிடுவார்கள் என்று பயந்து, "என் சகோதரி என்று சொல்" என்று சாராயிடம் சொல்லிவைக்கிறார். பொய் நன்றாகவே பலித்தது. ஆடு, மாடு, கழுதை, ஒட்டகம், வேலைக்காரர் என்று எல்லாம் கிடைத்தன. சாராயோ பார்வோன் அரமனையில் அகப்பட்டுக்கொண்டாள். கடைசியில், இவள் உன் மனைவி என்று ஏன் எனக்குச் சொல்லவில்லை என்று பார்வோன் கேட்கிறான். கர்த்தரை அறியாத ராஜா கேட்ட அந்தக் கேள்விக்கு, கர்த்தர் அழைத்த மனுஷன் பதில் சொன்னதாக அந்த அதிகாரத்தில் ஒரு வரி இல்லை.

அழைப்பு மெய்தான் மகளே, அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அதே அதிகாரத்தில் அதே மனுஷன் பிழைப்புக்காகச் சொன்ன பொய்யும் எழுதப்பட்டிருக்கிறது. ஆண்டவர் அதை மறைக்கவில்லை. "போ" என்கிற வார்த்தையை வைத்துக்கொண்டு நாலு மாசப் பொய்க்கு அனுமதி வாங்கமுடியாது. நீ வாக்குத்தத்தமாக எடுத்துக்கொண்ட அதிகாரமே அதைத் தடுக்கிறது.

இப்போது தாத்தாவைப் பற்றிச் சொல்லவேண்டும். அவர் போனபோது நீ கைக்குழந்தை. சாத்தான்குளம் பக்கம் அவர் கருப்பட்டி வியாபாரம் செய்தது மட்டும்தான் உனக்குத் தெரியும். அந்த வியாபாரத்தில் அந்தக் காலத்தில் நடந்ததை நான் சின்னப்பிள்ளையாக இருந்து பார்த்திருக்கிறேன். பனையேறிகள் விடியற்காலையில் பதனீர் இறக்கி, அவர்கள் வீட்டுப் பெண்கள் வெயிலில் அடுப்புமுன் நின்று காய்ச்சி, சிரட்டையில் ஊற்றி எடுத்த கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் சுமந்து கடைக்குக் கொண்டுவருவார்கள். பெரும்பாலும் வியாபாரியிடம் முன்பணம் வாங்கியிருப்பார்கள், வேறு கடைக்குப் போகமுடியாது. வாங்கும்போது கொஞ்சம் கனமான படிக்கல், விற்கும்போது கொஞ்சம் தேய்ந்த படிக்கல் என்று இரண்டு செட் வைத்திருந்த கடைகள் உண்டு. பெட்டிக்கு, ஈரத்துக்கு என்று கண்மதிப்பாகக் கழிவு வேறு பிடிப்பார்கள். அதை யாரும் திருட்டு என்று சொல்லமாட்டார்கள், வியாபாரம் என்பார்கள்.

தாத்தாவின் வியாபாரப் பங்காளியும் அதைத்தான் சொன்னார். எல்லாரும் செய்கிறதுதானே, நாம் மட்டும் செய்யாவிட்டால் எப்படிக் கட்டுப்படியாகும் என்று. அவர் சொன்னதிலும் கணக்கு சரியாகத்தான் இருந்திருக்கும், அந்த வருஷங்களில் நம் வீட்டில் ரொம்பக் கஷ்டம். தாத்தாவுக்குப் பிடித்த வசனம் நீதிமொழிகள் 11:1. "கள்ளத்தராசு கர்த்தருக்கு அருவருப்பானது, சுமுத்திரையான நிறைகல்லோ அவருக்குப் பிரியம்." சரியான எடைக்கல் என்று அர்த்தம். இப்படி ஒரு வசனத்தைப் பிடித்த வசனம் என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறாயா? எந்த அட்டையிலும் இது வராது, எந்தக் காலண்டரிலும் இருக்காது. அவர் அதைச் சாக்பீஸால் கல்லாப்பெட்டிக்கு மேலே சுவரில் எழுதியிருந்தார், அழிய அழியத் திரும்ப எழுதுவார். நிறுப்பதற்கு முன்னால் வெறும் தராசைத் தூக்கிப் பிடித்து, "முள்ளைப் பாரும்" என்று வந்தவரிடமே காட்டுவார். ஓலைப்பெட்டியைத் தனியாக நிறுத்துக் கழிப்பார். பங்காளியோடு ஒத்துவராமல் போனபோது பங்கைப் பிரித்துக்கொண்டு சின்னக் கடையாகப் போட்டார். பெரிய பணக்காரர் ஆகவில்லை. நான் காலேஜ் படித்த செலவுக்கு ஆச்சியின் சங்கிலி அடகுக்குப் போனது, அதுவும் உண்மை.

அவர் அந்த வசனத்தை எந்தப் பிரச்சினைக்கும் விடையாகத் தேடி எடுக்கவில்லை என்பதை மட்டும் பார். பங்காளி வந்து கேட்கிறதற்கு வெகுகாலம் முன்னாலேயே அது சுவரில் இருந்தது. அதனால் அவர் கேட்ட அன்றைக்குத் தாத்தா ஜெபித்து அடையாளம் கேட்கவேண்டிய அவசியமே வரவில்லை.

உன் சர்டிபிகேட்டும் ஒரு நிறைகல்தானே. நீ இருபது மாசம் வேலை பார்த்திருக்கிறாய், தாளில் இருபத்துநாலு என்று இருக்கும். அதை நம்பி ஒரு வார்டை உன் கையில் கொடுப்பார்கள். அந்தக் கட்டிலில் படுத்திருக்கிறவரை நினைத்துப் பார். வளைகுடாவில் சர்டிபிகேட்டுகளை, கொடுத்த இடத்திலேயே நேராகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள், மாட்டிக்கொண்டால் நர்ஸ் பதிவே போய்விடும் என்று உன் சீனியர்களே சொல்லியிருப்பார்கள். ஆனால் அதற்குப் பயந்து விடு என்று நான் சொல்லமாட்டேன். மாட்டவே மாட்டாய் என்றாலும் செய்யாதே.

வசனத்தை வைத்தே ஒருவரைத் தவறான வழிக்குத் தள்ளமுடியும் என்பதற்கு மத்தேயு 4ஆம் அதிகாரத்தைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. தேவாலயத்து உப்பரிகையில் இயேசு ஆண்டவரை நிறுத்தி, தாழக் குதியும் என்று சொன்ன பிசாசு, சங்கீதம் 91ஐத்தான் எடுத்துப் பேசினான். உம்முடைய பாதம் கல்லில் இடறாதபடிக்குத் தூதர்கள் ஏந்திக்கொண்டு போவார்களே என்று. எவ்வளவு அருமையான வசனம், நாமே பிரயாணத்துக்குமுன் சொல்லுகிற வசனம். ஆண்டவர் அந்த வசனம் பொய் என்று சொல்லவில்லை, உபாகமத்திலிருந்து இன்னொரு வசனத்தை அதன் பக்கத்தில் வைத்தார்: "உன் தேவனாகிய கர்த்தரைப் பரீட்சை பாராதிருப்பாயாக." கொடுக்கிற வசனத்துக்குப் பக்கத்தில் கேட்கிற வசனம். நான் இவ்வளவு நேரம் சொல்லவருவது இதைத்தான்.

உன் போன் வால்பேப்பரில் எரேமியா 29:11 இருக்கிறது இல்லையா, "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கேதுவான நினைவுகளே" என்று. அதுவும் ஒரு கடிதத்தில் வருகிற வரிதான். எருசலேமிலிருந்து பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப்போனவர்களுக்கு எரேமியா எழுதியது. அதற்கு முந்தின அதிகாரத்தில் அனனியா என்கிற கள்ளத்தீர்க்கதரிசி, இரண்டே வருஷத்தில் எல்லாரும் திரும்பிவிடுவீர்கள் என்று சொல்கிறான். கேட்க இனிப்பாக இருந்திருக்கும். எரேமியாவோ எழுபது வருஷம் என்கிறார், அதுவரை வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணுங்கள், நீங்கள் இருக்கிற பட்டணத்தின் சமாதானத்தைத் தேடி அதற்காக ஜெபம் பண்ணுங்கள் என்கிறார். இவ்வளவும் சொன்னபிறகுதான் உன் வால்பேப்பர் வசனம் வருகிறது. எழுபது வருஷம் என்று கேட்டவர்களில் பெரியவர்கள் பலர் திரும்பி வந்திருக்கவே முடியாது. அவர்களுக்குக் கொடுத்த வாக்குத்தத்தம் அது. நீ பெங்களூரில் இன்னும் நாலு மாசம் இருப்பது அதற்குமுன் எம்மாத்திரம்? இப்போது நீ பார்க்கிற வார்டு, உன்னோடு ஹாஸ்டலில் இருக்கிற பிள்ளைகள், அந்தப் பட்டணத்துக்காக நீ ஜெபம் பண்ணுகிறாயா?

டோனாவூருக்கு உன்னைச் சின்ன வயதில் கூட்டிப்போனது ஞாபகம் இருக்கும். அங்கே ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இல்லம் நடத்தின மிஷனெரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் சிறுபெண்ணாக அயர்லாந்தில் பெல்பாஸ்ட் நகரத்தில் இருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வருகிற வழியில் சுமை தூக்கிப்போன ஏழைக் கிழவி ஒருத்திக்குத் தம்பிமாரோடு சேர்ந்து உதவினார்கள். கௌரவமான ஜனங்கள் பார்க்கிறார்களே என்று அவர்களுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. அப்போது மனதில் வந்த வசனம் 1 கொரிந்தியர் 3ஆம் அதிகாரத்தில் இருப்பது. பொன், வெள்ளி, விலையேறப்பெற்ற கல், மரம், புல், வைக்கோல் என்று எதை வைத்துக் கட்டினாலும், "அவனவனுடைய வேலைப்பாடு எத்தன்மையுள்ளதென்று அக்கினியானது பரிசோதிக்கும்." இனி நெருப்பில் நிற்கிறதைத்தான் செய்வது என்று அந்தப் பெண் அன்றைக்கே தீர்மானித்தது. 1895இல் இந்தியாவுக்கு வந்தார்கள், 1951இல் டோனாவூரில் மரிக்கிறவரை ஒருமுறைகூடச் சொந்த ஊருக்குத் திரும்பவில்லை. அவர்களை இழுத்துக்கொண்டு வந்ததும் கேட்கிற வசனம்தான்.

சரி, இனி காரியத்துக்கு வருகிறேன். ஏஜெண்டிடம் சர்டிபிகேட் விஷயம் வேண்டாம் என்று இன்றைக்கே சொல்லிவிடு, யோசித்துச் சொல்கிறேன் என்று இழுக்காதே. அவரிடம் பணம் எதுவும் கொடுத்திருக்கிறாயா என்பதை மறைக்காமல் எனக்குச் சொல். திட்டமாட்டேன். சவூதி உட்பட 18 நாடுகளுக்கு நர்ஸ் வேலைக்குப் போகிறவர்கள் அரசு அங்கீகரித்த நிறுவனம் வழியாகத்தான் போகவேண்டும் என்று 2015இல் மத்திய அரசு விதி போட்டது. நம் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் அப்படி ஆள் எடுக்கிறது, அதில் இப்போதே பதிவு செய்து வை. இந்த ஏஜெண்டின் பெயர், வெளிநாட்டு வேலைக்குப் போகிறவர்களுக்காக மத்திய அரசு வைத்திருக்கிற இ-மைகிரேட் இணையதளத்தில் இருக்கிறதா என்று பார். "அநேக ஆலோசனைக்காரர் உண்டானால் சுகம் உண்டாகும்" என்பதும் வேதவசனம்தான், அதனால் சித்தப்பாவிடம் பேசு, அவர் ரியாத்தில் இருந்தவர், ஒப்பந்தத்தில் எந்த வரியைப் பார்க்கவேண்டும் என்று அவருக்குத் தெரியும். நம் சேகரத்துப் போதகர் ஐயரிடமும் பேசு. அவர் உனக்கு ஞானஸ்நானம் கொடுத்தவர், உனக்குப் பிடித்ததை மட்டும் சொல்லமாட்டார்.

நாலு மாசம் முடிந்து அதே வேலை மறுபடியும் வந்தால் சந்தோஷமாகப் போ, நானே பெட்டி கட்டித் தருகிறேன். வராவிட்டாலும் உனக்கு வேலை கிடைக்காமல் போகாது. அதுவரை யாக்கோபு 1:5ஐச் சொல்லி தினமும் ஜெபம் பண்ணு. ஞானம் கேட்கிறவர்களை அவர் கடிந்துகொள்ளமாட்டார் என்று அதிலேயே இருக்கிறது.

அப்பா உன்மேல் கோபமாக இல்லை. இந்தச் சவூதி வேலை கைவிட்டுப் போய்விட்டால் உன் கல்விக்கடனை எப்படி அடைப்பது என்று நீ கவலைப்படுவாய் என்று சொல்லி, அதற்கு ஒரு கணக்குப் போட்டு வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் அவருக்கு போன் பண்ணு, ஒப்பந்தத்தின் காப்பியைச் சித்தப்பாவுக்கு அதற்குமுன்னாலேயே அனுப்பிவிடு.

அன்புடன்,
அம்மா