பூ ஆர்டர் தளத்தில் சர்வர் மேல் பழி வேண்டாம்

ஆசிரியருக்கு,

வணக்கம். மாட்டுத்தாவணி பூ வியாபாரிகளுக்காகக் கல்லூரி மாணவர்கள் செய்த மாதிரித் தளம் பற்றி உங்கள் மதுரைப் பதிப்பில் படித்தோம். ஒருவர் போட்ட மல்லிப்பூ ஆர்டர் இன்னொருவர் திரையில் தெரிந்ததற்குச் சர்வர் கோளாறு காரணம் என்று எழுதியிருந்தது. தளம் ஜாவாவின் அப்பாச்சி டேபஸ்ட்ரி 5 என்ற இணையதளக் கட்டமைப்பில் எழுதப்பட்டது என்றால், முதலில் பார்க்க வேண்டியது பக்க வகுப்பில் (ஒரு பக்கத்தை இயக்கும் ஜாவா நிரல்) மாறிகளை, அதாவது மதிப்பைத் தாங்கும் பெயர்களை, அறிவிக்கும் வரிகளைத்தான்.

டேபஸ்ட்ரி 5.2 முதல் ஒரு பக்கத்துக்கு ஒரே ஆப்ஜெக்ட் (அந்த வகுப்பின் இயங்கும் பிரதி); எல்லாப் பயனர்களுக்கும் அதுவே. அறிவிக்கும் வரியிலேயே 'நியூ அர்ரேலிஸ்ட்' (புதிய வெற்றுப் பட்டியல்) என்று போட்டால், அந்த ஒரே லிஸ்ட் ஊருக்கே பொதுவாகிவிடும். மதிப்பைச் செஷனில் (ஒவ்வொரு பயனருக்கும் சர்வர் தனியாக வைக்கும் சேமிப்பு) காக்கச் சொல்லும் பெர்சிஸ்ட் அனோட்டேஷன் (குறிப்பு) போட்ட மாறிக்கு அறிவிப்பிலோ கன்ஸ்ட்ரக்டரிலோ (ஆப்ஜெக்ட் உருவாகும்போது ஓடும் பகுதி) தொடக்க மதிப்பு கொடுக்கவே கூடாது. வெறுமனே விட்டு, செட்அப்ரெண்டர் மெத்தடில் அது 'நல்' (மதிப்பே இல்லாத நிலை) ஆக இருக்கிறதா என்று பார்த்து, இருந்தால் மட்டும் புது லிஸ்ட் உருவாக்க வேண்டும். அப்போது அது அவரவர் செஷனில் போய் உட்காரும்.

இதிலும் ஓர் ஓட்டை உண்டு. செட்அப்ரெண்டர் பக்கம் வரையப்படும்போது மட்டுமே ஓடும். படிவத்தைச் சமர்ப்பிக்கும் கோரிக்கையில் ஓடாது. இடையில் செஷன் காலாவதியானால் (ஜாவா சர்வரான டாம்கேட்டில் வழக்கமாக 30 நிமிடம்) மாறி மீண்டும் 'நல்', உடனே நல்பாயின்டர் பிழை. அதனால் படிவம் உள்ள பக்கங்களில் இந்தச் சோதனையை ஆன்ப்ரிப்பேர் மெத்தடில் வைப்பதே சரி. அது படிவத்தை வரையும்போதும் சமர்ப்பிக்கும்போதும் ஓடும். பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு கோரிக்கையிலும் ஓடும் ஆன்ஆக்டிவேட்டிலும் வைக்கலாம்தான். ஆனால் சமர்ப்பித்த பின் வரும் ரீடைரக்டிலும் (பிரவுசர் பக்கத்தை மறுபடி கேட்பது) அது ஓடுவதால், டேட்டாபேஸ் வினவலை அங்கே வைத்தால் இருமுறை போகும்.

எண்களுக்கு 'இன்ட்' வகை வேண்டாம், 'நல்' ஆகவும் இருக்கக்கூடிய 'இன்டிஜர்' வகை வையுங்கள். 'இன்ட்'டின் 0 பயனர் கொடுத்ததா, இன்னும் தொடாததா என்று தெரியாது.

12-ஆம் எண் ஆர்டரைப் பார்த்துவிட்டு 13-க்குப் போனால் செஷனில் பழைய லிஸ்ட்டே நிற்கும். 'நல்' சோதனை அதைப் பிடிக்காது. ஆர்டர் எண்ணையும் சேமித்து, மாறியிருந்தால் மறுபடி ஏற்ற வேண்டும். ஆர்டர் முடிந்ததும் டிஸ்கார்ட்பெர்சிஸ்டன்ட்ஃபீல்ட்சேஞ்சஸ் மெத்தடை அழைத்து, அந்தப் பக்கம் செஷனில் சேமித்ததைத் துடைத்துவிடலாம்.

ஒரே பிரவுசரில் இரண்டு டேப் திறந்து சோதிப்பதால் பயனில்லை. இரண்டுக்கும் செஷன் ஒன்றே. வெவ்வேறு பிரவுசர்களில் திறந்து பாருங்கள். பிறகு, செஷன் காலாவதியானது போலச் சோதிக்க, செஷனை அடையாளம் காட்டும் ஜேசெஷன்ஐடி குக்கியை அழித்துவிட்டு, திரையில் இருக்கும் படிவத்தை அப்படியே சமர்ப்பித்துப் பாருங்கள்.

ஜாவா பயிற்றுநர்கள்,
திருப்பரங்குன்றம், மதுரை.