லைனோ வேறு, மோனோ வேறு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய அச்சுக்கூடங்களைப் பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வெளிவந்த கட்டுரையை ஆவலோடு படித்தேன். ஆனால் லைனோடைப், மோனோடைப் ஆகியவற்றை ஒரே இயந்திரத்தின் இரு பெயர்கள் போல அதில் எழுதியிருப்பது, சென்னையில் ஆங்கில நாளிதழ் ஒன்றில் லைனோ ஆபரேட்டராகப் பணியாற்றி ஓய்வுபெற்ற எனக்கு நெருடலாக இருந்தது. இரண்டும் அச்சுக் கோப்பதற்காக ஈயக் கலவையை உருக்கி எழுத்து வார்ப்பவைதாம். லைனோ முழு வரியாக வார்க்கும், மோனோ தனித்தனி எழுத்தாக வார்க்கும். செய்தித்தாளுக்கு லைனோவும் புத்தகத்துக்கு மோனோவும் ஏற்றதாக அமைந்தது இதனால்தான்.

ஜெர்மனியில் கடிகாரத் தொழில் பயின்று அமெரிக்காவில் குடியேறிய ஓட்மர் மெர்கெந்தாலரின் லைனோடைப், 1886-இல் நியூயார்க் ட்ரிப்யூன் நாளிதழில் வேலைக்கு வந்தது. விசையைத் தட்டியதும், மேலே சாய்வாக அமைந்த மேகசின் என்னும் பெட்டியிலிருந்து அந்த எழுத்துக்குரிய மேட்ரிக்ஸ், அதாவது பித்தளை வார்ப்பச்சு, வழுக்கி இறங்கி வரிசையில் நிற்கும். சொற்களுக்கு நடுவே விழும் ஆப்புப் பட்டைகள், வரி நிரம்பியபின் மேலே தள்ளப்பட்டு, அதைப் பத்தியின் அகலத்துக்கு இறுக்கும். பிறகு, ஏறத்தாழ 280 டிகிரி செல்சியஸ் சூட்டில் உருகிக் கிடக்கும் ஈயம், வெள்ளீயம், ஆன்டிமனி கலவை பாய்ந்து, முழு வரியும் ஒரே கட்டையாகச் சூடு ஆறாமல் வந்து விழும். வரி தளர்வாக இருந்துவிட்டால் இடுக்கு வழியே உலோகம் பீறிட்டு அடிக்கும். அதில் கை சுட்டுக்கொள்ளாத ஆபரேட்டரை நான் பார்த்ததில்லை.

கட்டுரையாளர் இந்த வார்ப்பைத்தான் வியந்திருக்கிறார். அதற்குப் பின் நடப்பதைத்தான் நான் பெரிதாக மதிப்பேன். கையால் அச்சுக் கோக்கும் இடங்களில், அச்சாகி முடிந்த எழுத்துகளைப் பிரித்து மறுபடியும் கேஸ் என்னும் எழுத்துத் தட்டின் அறைகளில் போடுவதே ஒரு தனி வேலை. லைனோவிலோ, வார்ப்பு முடிந்த கையோடு நீண்ட இரும்புக் கை ஒன்று இறங்கி மேட்ரிக்ஸ்களை அள்ளிக்கொண்டு உச்சிக்குப் போய்விடும். ஒவ்வொரு மேட்ரிக்ஸின் தலையிலும் சாவிக்கு இருப்பதுபோலத் தனக்கே உரிய பல்வரிசை உண்டு. மேலுள்ள தண்டின் விளிம்புகளில் அந்தப் பற்களால் தொங்கியபடியே நகரும் மேட்ரிக்ஸ், தன்னைத் தாங்கும் விளிம்பு எங்கே முடிகிறதோ அங்கே விடுபட்டு, மேகசினில் தனக்குரிய வழிக்குள் விழும். ஆபரேட்டர் அதற்குள் அடுத்த வரியைத் தட்டிக்கொண்டிருப்பார்.

இதற்கு விலையும் இருந்தது. ஒரு காற்புள்ளி பிழையானாலும் முழு வரியையும் மறுபடி வார்க்க வேண்டும். புதிய வரியில் புதிய பிழை வராது என்பதற்கு உறுதியில்லை. அடிக்கும்போதே தவறு தெரிந்தால், விசைப்பலகையின் இடப்பக்க முதல் இரண்டு நிரல்களில் விரலை ஓடவிட்டு வரியை நிரப்பி வார்த்துவிடுவோம், பிறகு எடுத்து எறிந்துகொள்ளலாம் என்று. அப்படி எறியப்படாமலும் புரூஃபில் சிக்காமலும் தப்பிய ‘எடாயின் ஷ்ர்ட்லு’ (அந்த இரு நிரல்களின் எழுத்துகளான etaoin shrdlu) காலையில் வாசகர் கண்ணில் பட்டதும் உண்டு.

டால்பர்ட் லான்ஸ்டனின் மோனோடைப்பில் விசைப்பலகை வேறு, வார்க்கும் இயந்திரம் வேறு. முன்னது காகித நாடாவில் துளையிடும்; பின்னது அழுத்தக் காற்றின் உதவியால் அத்துளைகளைப் படித்து எழுத்துகளை ஒவ்வொன்றாக வார்க்கும். பிழையை இடுக்கியால் எடுத்துவிட்டு, சரியான எழுத்தைச் செருகிவிடலாம். தமிழுக்கும் இதுவே தோதானது. லைனோவின் வழக்கமான மேகசினில் 90 வழிகள்தாம். மோனோவின் மேட்ரிக்ஸ் சட்டத்திலோ முதலில் 225 இடங்களும் பின்னர் 255 இடங்களும் இருந்தன. கு, கூ, மு, மூ என்று உகர ஊகார உயிர்மெய்கள் அனைத்துக்கும் தனித்தனி அச்சு தேவைப்படும் மொழிக்கு 90 எம்மாத்திரம்? ணா, லை முதலிய 13 எழுத்துகளின் ஒட்டு வடிவங்களை தமிழக அரசின் 1978 அக்டோபர் அரசாணை நீக்கும்வரை அவற்றுக்கும் இடம் ஒதுக்க வேண்டியிருந்தது.

எஞ்சியிருக்கும் இயந்திரங்களைக் காட்சிக்கு வைக்க வேண்டும் என்று கட்டுரையாளர் கேட்டிருப்பதை ஒரு திருத்தத்தோடு வழிமொழிகிறேன். நான் அறிந்த ஓர் அச்சகத்தில், பித்தளைக்கு நல்ல விலை கிடைக்கிறது என்று மேட்ரிக்ஸ்களை எடைக்குப் போட்டுவிட்டு, வெறும் இரும்புக் கூட்டை மட்டும் வாசலில் வண்ணம் பூசி நிறுத்தியிருக்கிறார்கள். மேட்ரிக்ஸ் இல்லாத லைனோ ஒரு வரியும் வார்க்காது. நியூயார்க் டைம்ஸ் 1978 ஜூலை முதல் நாள் இரவு கடைசியாக ஈயத்தில் கோத்ததை அந்த நாளிதழின் பிழைதிருத்துநர் ஒருவரே படமாக்கி வைத்தார். இங்கே அதுபோல ஒன்றைச் செய்ய, இயங்கும் நிலையில் ஓர் இயந்திரமும் அதை இயக்கத் தெரிந்தவர்களும் வேண்டும். எங்களில் பெரும்பாலோர் எழுபதைத் தாண்டியவர்கள். மேட்ரிக்ஸோடு கூடிய ஓர் இயந்திரத்தைத் தர எந்த அச்சகமாவது முன்வந்தால், அதைச் சுத்தம் செய்து ஓட்டிக் காட்டவும் இளைஞர்களுக்குச் சொல்லிக்கொடுக்கவும் ஊதியம் கேளாமல் வர நானும் சக ஊழியர்கள் சிலரும் அணியமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற லைனோ ஆபரேட்டர்,
சென்னை